மலை தந்த மனை

மும்பையில் நெடுநாளாக வாழ்ந்துவரும் அன்பர் ஒருவர் அண்மையில் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அவருடைய முன்னோர் பாலக்காட்டில் வாழ்ந்த தமிழர். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஆனைமலைத் தொடரை அடுத்த எல்லைப்புறத்தில் பட்டா நிலம் சிறிது வாங்கி, அங்கே ஒரு வீடு கட்டிக் குடும்பத்தோடு தங்கவேண்டும் என்பது அவர் விருப்பம். சுற்றிலும் காடு; அக்காட்டின் நடுவே தம் வீடு அயலாகத் தோன்றலாகாது; பழைய தமிழர் இம்மலைகளில் எவ்வாறு வீடு கட்டினர் என்பதைச் சொல்லவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருடைய உள்ளத்திலும் இத்தகைய ஆசை உண்டு என்பதை நாம் அறிவோம். ஆகவே, அவருக்கு எழுத எண்ணிய மறுமொழியை எல்லோருக்குமாக இங்கே கூறுகின்றோம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ந்து செல்லும் வழியில் பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்கின்றது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கணவாய்க்குத் தெற்கே மலை மீண்டும் எழுகின்றது. நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் என்று உயர்ந்து சென்று, இடுக்கி மாவட்டத்தில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியாகத் தலை நிமிர்கின்றது. தென்னிந்தியாவிலேயே அதைவிட உயர்ந்த சிகரம் வேறில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரையில் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இடுக்கி 1972இல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறினும் மலை ஒன்றே. இன்றுங்கூடக் கேரளத்துப் பறம்பிக்குளத்திற்குச் சாலை வழியே செல்லவேண்டுமாயின், தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகவே செல்லவேண்டியுள்ளது.

மலை ஒன்றாயினும் மழை ஒன்றன்று. தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் மூணாற்றில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. அங்கிருந்து வடகிழக்கே அறுபது கிலோமீட்டர் சாலை வழி இறங்கிச் சின்னாற்றை அடைந்தால், மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகின்றது. ஓரிடத்தில் சுவரெல்லாம் பாசி படியும். மற்றோரிடத்தில் கள்ளியும் முள்மரமும் வளரும். ஆகவே, மலைவீடு என்று ஒரே வடிவத்தை வரைந்து எங்கும் பொருத்துவது இயலாது. எந்த மலைச்சரிவில், எந்தக் காற்றுக்கு எதிரே கட்டுகின்றோம் என்பதே முதல் வினா.

இனி, தமிழர் இப்பகுதிக்கு வந்த வரலாற்றைக் காண்போம். அவர்கள் இரண்டு வழிகளில் வந்தனர். கணவாய் வழியே சமதரையில் நடந்து வந்தோர் ஒரு சாரார். கிழக்கிலிருந்து மலையேறி வந்தோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் வீடு கட்டிய முறையில் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமையே நம் அன்பரின் வினாவுக்கு விடையாகும்.

கணவாய் வழியே வந்தோர் தம் தெருவைத் தம்மோடு கொண்டுவந்தனர். பாலக்காட்டுக் கல்பாத்தியில் இன்றும் அதனைக் காணலாம். காவிரிக்கரை ஊர்களில் உள்ளது போலவே ஆறும், அதன் கரையில் சிவன் கோயிலும், கோயிலை நோக்கிய நேரான தெருவும், தெருவின் இருபுறமும் சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகளும் அங்கே உள்ளன. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் பழைய அமைப்பு மாறவில்லை. மலையாள நாட்டின் பெருமழைக்காகக் கூரையைச் சரித்து ஓடு வேய்ந்தனர்; கைக்கெட்டிய மரத்தையும் கல்லையும் கொண்டனர். மற்றப்படி அவர்கள் பிறந்த ஊரின் உருவம் அப்படியே நின்றது. சமதரையில் அது பொருந்திற்று. ஐப்பசி, கார்த்திகையில் நிகழும் கல்பாத்தித் தேர்த்திருவிழாவைக் கண்டோர் அத்தெருவின் அழகை மறவார்.

மலையேறியோரால் அவ்வாறு செய்ய இயலவில்லை. நேரான தெருவை மலைச்சரிவு தாங்காது. அவர்கள் தெருவை அடிவாரத்தில் விட்டுவிட்டு, மொழியையும் தெய்வத்தையும் குடும்ப உறவையும் மட்டுமே சுமந்து ஏறினர். வீட்டை மலையினிடமே கேட்டுப் பெற்றனர்.

இவர்களுள் முதன்மையானோர் முதுவர். மூணாறு, மறையூர், இடமலைக்குடி முதலிய பகுதிகளிலும், பறம்பிக்குளத்துப் பக்கத்திலும் இவர்கள் வாழ்கின்றனர். தமிழின் கிளைமொழி ஒன்றைப் பேசுகின்றனர். மதுரையிலிருந்து வந்தவர் நாங்கள் என்பது அவர்களுடைய வழிவழி மரபு. தெய்வத் திருமேனியையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து மலையேறியமையால் முதுவர் என்ற பெயர் வந்தது என்று அவர்கள் கூறுவர். இன்றும் முதுவ மகளிர் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு நடப்பதைக் காணலாம்.

முதுவருடைய பழைய வீடு எவ்வாறு அமைந்திருந்தது? மூங்கிலையும், மலையாளத்தில் ஈற்ற என்று வழங்கும் மெல்லிய மூங்கிலையும் பின்னிச் சட்டமாக்கி, அதன்மேல் மண்ணைக் குழைத்துப் பூசிச் சுவர் எழுப்பினர். புல்லாலோ ஈற்ற இலையாலோ கூரை வேய்ந்தனர். வீடு சிறியது, கூரை தாழ்ந்து சுவரை மூடி நிற்பது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அடுப்புப் புகை எழும்போதுதான் அங்கே குடியிருப்பு உண்டு என்பது தெரியவரும்.

அழகுக்காக மட்டும் அவர்கள் இவ்வாறு கட்டினார்கள் என்று கருதுதல் பிழை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கூரை செங்குத்தாகச் சரிந்திருந்தால்தான் புல் நனைந்து ஊறுமுன் மழைநீர் வழிந்தோடும். கூரையின் விளிம்பு தாழ்ந்து நீண்டிருந்தால்தான் காற்றோடு வரும் சாரல் மண்சுவரைக் கரைக்காது. மண்சுவர் பகல் வெப்பத்தை உட்கொண்டு இரவுக் குளிரில் மெல்ல வெளிவிடும். அடுப்புப் புகை கூரையினூடே கசிந்து செல்வதால் புல்லும் மூங்கிலும் பூச்சி அரிக்காமல் நெடுநாள் இருக்கும். குடியிருப்பு இடம்பெயரும்போது விட்டுச்சென்ற வீடு சில ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாகிவிடும். காட்டிடம் கடனாக வாங்கியதைக் காட்டுக்கே திருப்பித் தரும் முறை அது.

இடுக்கி மலைகளில் வாழும் ஊராளி மக்கள் யானைக்கு அஞ்சி மரக்கிளைகளின்மேல் மூங்கிலால் வீடு அமைத்தனர். அதற்கு ஏறுமாடம் என்று பெயர். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் குறிஞ்சி மகளிர் இருந்த பரணை இதணம் என்பர். இதணமும் ஏறுமாடமும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை எனலாம். யானையின் வழியை அடைக்காமல், அதற்கு மேலே ஒதுங்கிக்கொண்ட அறிவு அது. ஆனைமலைக் காடர் மூங்கிலால் வீடு கட்டித் தேக்கிலையும் மூங்கிலிலையும் கொண்டு திறம்பட வேய்ந்ததை, 1909ஆம் ஆண்டு வெளிவந்த எட்கார் தர்ஸ்டனுடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் குறிப்பிடுகின்றது.

மலையேறி வந்த உழவரும் உண்டு. மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்கள் சேர்ந்த பள்ளத்தாக்கிற்கு அஞ்சுநாடு என்று பெயர். அங்கே தோன்றும் பாம்பாறு கேரளத்து ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடும் மூன்றனுள் ஒன்று. அமராவதியோடு கலந்து காவிரியை அடைகின்றது. நீர் ஓடிய வழியே மனிதரும் ஏறி வந்தனர் போலும். அவ்வூர்களில் வீடுகள் நெருக்கமாக அமைந்திருக்கும். வயல்கள் படிப்படியாகச் சரிவில் இறங்கும். உழுதற்குரிய நிலத்தை வீட்டுக்காக வீணாக்காத சிக்கனமும், விலங்குகள் நடமாடும் இடத்தில் ஒருவர்க்கொருவர் துணையாக இருக்கும் தேவையும் அவ்வமைப்பில் தோன்றுகின்றன. மறையூரின் சந்தனக்காடும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லமும் பலரும் அறிந்தவை.

அதே மறையூரில் பாறைச் சரிவுகளின்மேல் முனியறைகள் என்று வழங்கும் பெருங்கற்காலச் சின்னங்கள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த அமைப்பு. அவை வாழ்வோர்க்கு உரியவை அல்ல, இறந்தோர்க்கு எடுத்தவை. ஆயினும் கட்டடக்கலை நோக்கில் அவை ஒரு பாடம் சொல்கின்றன. அந்தக் கல் அந்தப் பாறையிலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டது. ஆதலால் பாறை எங்கே முடிகின்றது, கட்டடம் எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிவது அரிதாக உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளின் வரலாறு திசை திரும்பிற்று. 1877ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பூஞ்ஞாற்று அரசர் கண்ணன் தேவன் மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர்க்குக் குத்தகைக்கு அளித்தார். சோலைக்காடுகள் அழிந்து தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. இருவகை வீடுகள் புதியனவாகத் தோன்றின. ஒன்று, தோட்ட மேலாளருக்கு உயர்ந்த இடத்தில், அகன்ற தாழ்வாரமும் கணப்பு அடுப்பும் உடையதாகக் கட்டிய பங்களா. மற்றொன்று, தொழிலாளருக்காக ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய சிற்றறைகள். அவற்றை லயம் என்பர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. முதுவரும் அஞ்சுநாட்டாரும் தம் வீட்டின் இடத்தைத் தாமே தேர்ந்துகொண்டவர். லயத்தில் வாழ்ந்தோர்க்கு அத்தேர்வு இருந்ததில்லை. கொடுத்த அறையில் குடிபுகுந்தனர்.

மலை தன் இயல்பை அவ்வப்போது நினைவூட்டியே வந்துள்ளது. 1924ஆம் ஆண்டு சூலையில் பெய்த பெருமழையைக் கொல்லம் ஆண்டுக் கணக்கின்படி தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் முதியோர் கூறுவர். மூணாற்றில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது. மீண்டும் அமைக்கப்படவே இல்லை. ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய சாலையும் கரிந்திரி மலைச்சரிவில் புதைந்து போயிற்று.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு நேர்ந்ததை நம்மவர் பலர் அறிவர். இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் உயரத்திலிருந்து பெயர்ந்த மண்ணும் பாறையும் ஓடைவழியே பாய்ந்து வந்து, உறங்கிக்கொண்டிருந்தோர் மேல் விழுந்தன. நான்கு லயங்கள் அழிந்தன. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட குடும்பத்தினர். வேலை தேடி மலையேறிய தமிழர் வீடு என்று நம்பிய இடமே அவர்களுக்கு இடுகாடாயிற்று. மலைவீட்டைப் பற்றிப் பேசும் எவரும் பெட்டிமுடியை மறந்து பேசுதல் தகாது.

இத்தகைய சரிவு ஏன் நிகழ்கின்றது? இம்மலைகளில் கெட்டிப்பாறையின்மேல் மண் ஒரு போர்வை போலப் படிந்துள்ளது. பெருமழை நாட்கணக்கில் பெய்யும்போது அப்போர்வை நீரை உண்டு கனக்கின்றது. பாறைக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பிடிப்புத் தளர்கின்றது. சரிவிலுள்ள குழிவான பகுதிகளில்தான் நீர் திரள்கின்றது. அங்கிருந்தே ஓடை பிறக்கின்றது. பெயர்ந்த மண்ணும் பெரும்பாலும் அவ்வழியையே நாடுகின்றது. கோடைக்காலத்தில் வறண்டு புல் முளைத்துக் கிடக்கும் ஓடை, அறியாதவர் கண்ணுக்கு நல்ல மனையாகத் தோன்றும். வீட்டுக்கும் சாலைக்குமாகச் சரிவின் அடியை வெட்டிச் சமப்படுத்தினால், மேலேயுள்ள மண் தன் காலை இழந்து நிற்கும்.

ஆகவே, காட்டோடு ஒன்றிய வீடு என்பது பச்சை வண்ணம் பூசிய வீடன்று. மரத்தூண் நட்ட வீடுமன்று. நீரின் வழியையும் மண்ணின் நிலையையும் அறிந்து ஒதுங்கி நிற்கும் வீடே அது. தோற்றம் பின்னரே வரும்.

இந்த உண்மையை நம் காலத்தில் கட்டடக்கலையாக வளர்த்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு சிற்றூரின் நல்ல வீடு 5 மைல் எல்லைக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்படவேண்டும் என்ற அடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் பதிந்தது. கேரளத்து மருத்துவரான எலிசபெத் அம்மையாரை மணந்து, இமயமலை அடுக்கில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்குள்ள மக்கள் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகளின் திறத்தைக் கண்டபின், தாம் மேனாட்டில் கற்ற கல்வியை மறு ஆய்வு செய்தார். 1963இல் அவர் குடும்பத்தோடு வந்து சேர்ந்த இடம், இப்போது இடுக்கி மாவட்டத்தின் எல்லையில் உள்ள வாகமண் மலை. பின்னர்த் திருவனந்தபுரத்திற்குச் சென்று, 2007இல் மறையும் வரையில் அங்கேயே வாழ்ந்தார்.

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் அவர் தமக்கென அமைத்துக்கொண்ட வீடு செங்குத்தான பாறைச்சரிவில் உள்ளது. சரிவை அவர் வெட்டிச் சமப்படுத்தவில்லை. அறைகளை அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பப் படிப்படியாக வைத்தார். செங்கற்களைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு என்னும் முறையால் நூற்றுக்கு 25 பங்குச் செங்கல் மிச்சமாகும் என்று காட்டினார். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். சன்னலுக்கு மாறாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடைச் சுவர் அமைத்தார். காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கனத்தையும் குறைத்தார். முதுவருடைய பின்னல் சுவரில் உள்ள அறிவும் பேக்கருடைய செங்கல் சுவரில் உள்ள அறிவும் ஒன்றே. அருகில் கிடைப்பதைக் குறைவாக எடுத்து, முழுமையாகப் பயன்படுத்துவதே அது.

நம் அன்பர்க்கு இனிச் சில சொல்வோம். நிலம் வாங்குமுன் மழைக்காலத்தில் ஒரு முறையேனும் சென்று பாருங்கள். கோடையில் நிலம் பேசாது. ஆடி மாதத்தில்தான் அது தன் வாயைத் திறக்கும். நீர் எங்கே ஊறுகின்றது, எங்கே ஓடுகின்றது, எந்த மரம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கின்றது என்று நோக்குங்கள். அங்குள்ள முதியோரிடம் யானைத்தாரை எது, பழைய மண்சரிவு எங்கே என்று கேட்டறியுங்கள். புவியியல் அறிந்தாருடைய கருத்தையும், அவ்வூருக்குரிய நிலச்சட்டத்தையும் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடாதீர்.

பாலக்காட்டுப் பக்கமாயின் செம்புறைக்கல் கிடைக்கும். மலையாளத்தில் அதை வெட்டுகல் என்பர். 1807இல் பிரான்சிஸ் புக்கானன் என்பவர் மலபாரில் அங்காடிப்புறத்தருகே இதனைக் கண்டு முதன்முதலாக அறிவியல் உலகத்திற்கு எழுதினார். வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் படப்பட இறுகும் கல் இது. மேலே சாந்து பூசவேண்டுவதில்லை. மழையில் கறுத்துப் பாசி படிந்து, சில ஆண்டுகளில் நிலத்தின் நிறத்தையே பெற்றுவிடும். மூணாற்றுப் பக்கமாயின் கருங்கல் அடித்தளமும் ஓட்டுக்கூரையும் ஏற்றவை. கூரை விளிம்பை நன்றாக நீட்டிவிடுங்கள். நிற்கும் மரத்தை வெட்டி வீட்டுக்கு இடம் தேடாமல், மரங்களுக்கு இடையே வீட்டுக்கு இடம் தேடுங்கள். பலாவும் வாழையும் வீட்டை ஒட்டி வைத்தால் யானை விருந்துக்கு வரும். இரவில் முற்றமெங்கும் விளக்கெரித்தால் காட்டுயிர்களின் நடமாட்டம் குலையும். வீடு சிறிதாக இருக்கட்டும். பெரிய வீட்டுக்குச் சரிவைப் பெரிதாக வெட்டவேண்டியிருக்கும்.

புல்வேய்ந்த வீடே கட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. புல்லைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். தீயின் அச்சமும் உண்டு. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியிலும் உறுதியான வீடு வேண்டும் என்று மக்கள் விரும்புகின்றனர். ஒழுகாத கூரையை நாம் நகரங்களில் துய்த்துக்கொண்டு, அவர்கள் மட்டும் பழமையைக் காக்கவேண்டும் எனக் கூறும் உரிமை நமக்கில்லை. அவர்களிடமிருந்து நாம் கொள்ளவேண்டியது வீட்டின் உருவத்தையன்று. இடத்தைக் கேட்டுக் கட்டும் பழக்கத்தையே.

அப்படியானால், கல்பாத்தித் தெருவில் பிறந்த குடும்பம் அந்த மலைக்கு எதைக் கொண்டு செல்லலாம்? நேரான தெருவின் அமைப்பு அங்கே பொருந்தாது. ஆயினும் பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது நல்ல கதவும் உத்திரமும் ஓடும் விலைக்கு வருகின்றன. அவற்றை வாங்கிப் பயன்படுத்தினால் புதிய மரம் ஒன்று காட்டில் நின்றுகொண்டிருக்கும். மற்றொன்றும் உண்டு. முதுவருடைய குடியிருப்பில் இளைஞரும் வந்த விருந்தினரும் தங்குவதற்கென்று சாவடி என்ற பொதுவீடு உண்டு. பாலக்காட்டு வீட்டின் முன்னே வழிப்போக்கர்க்கென்று திண்ணை உண்டு. சமதரையில் வந்தவரும் மலையேறியவரும் மறவாமல் காத்த பொதுச்செல்வம் இது ஒன்றே.

ஆகவே, வீட்டை மலையின் சொற்படி கட்டுங்கள். முன்புறத்தில் ஒரு திண்ணை மட்டும் உங்கள் சொற்படி கட்டுங்கள். மழைக்கு ஒதுங்கும் அண்டை வீட்டார் அதில் அமர்ந்து, ஓடை அவ்வாண்டு எவ்வளவு பெருகியது என்று உங்களுக்குச் சொல்வர்.